மூணு வாட் போதுமா சார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிறு விருத்தாசலத்தில் அக்கா பேரன் வீட்டுப் புதுமனை புகுவிழா. ஹாலில் டிவிக்குக் கீழே ஒரு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி. அதன் அட்டையில் '5000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று அச்சடித்திருந்தது. "தாத்தா, மூணு வாட் ஆம்ப்ளிஃபயரை வெச்சுக்கிட்டு மங்களூர் முழுக்கப் பெருமை பேசுறீங்களாமே, இதைக் கேளுங்க" என்றான். கேட்டேன். பிறகு அதன் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். வாத்தியார் புத்தி போகுமா? 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 18 வாட். உள்ளே போவதே 18 வாட் என்றால் வெளியே 5000 எங்கிருந்து வரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! பி.எம்.பி.ஓ. என்பதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் கிடையாது. விற்பவர் மனசுக்குத் தோன்றிய எண் அது.

என் கருத்து இதுதான். பாட்டுப் பெட்டி வாங்கும்போது எத்தனை வாட் என்று கேட்காதீர்கள். ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் அந்த ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் சத்தம் தரும் என்று கேளுங்கள். கடைக்காரர் முழிப்பார், முழிக்கட்டும். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 3 ஏறுவதற்கும் மின்திறன் இரட்டிப்பாக வேண்டும். இப்போது வரும் சின்ன ஸ்பீக்கர்கள் பல 84 டெசிபல் அளவில் இருக்கின்றன. என்னிடம் உள்ள எட்டு அங்குலக் காகிதக் கூம்பு ஸ்பீக்கர் 93. வித்தியாசம் 9, அதாவது மூன்று இரட்டிப்பு, எட்டு மடங்கு. என் 3 வாட் தரும் சத்தத்துக்கு அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு 24 வாட் தேவை. பேரனின் அடாப்டரிலோ மொத்தமே 18! வீட்டுக் கூடத்தில் பேச்சுக்குரல் அளவில் பாட்டுக் கேட்க ஒரு வாட்கூடச் செலவாவதில்லை என்பது இன்னொரு விஷயம்.

ஆம்ப்ளிஃபயரைப் பற்றிக் கேட்டவர்களுக்காக: அதில் பாட்டுக்கு ஒரே ஒரு வால்வுதான், ஈ.சி.எல். 82. ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு வால்வுகள் அடங்கியது. ஒன்று சிறிய ஒலியைப் பெருக்கும், மற்றது ஸ்பீக்கரை ஓட்டும். சென்னை ரிச்சி தெருவில் தேடிப் பிடித்தேன். பெங்களூரு பி.இ.எல். தயாரித்தது. அந்தக் காலத்து வீட்டு ரேடியோக்களில் அவர்களுடைய வால்வுகளைப் பார்த்திருப்பீர்கள். வால்வு செருகும் சாக்கெட் பீங்கான். பீங்கான் ஊர்ப் பக்கம் இருந்துகொண்டு பேக்லைட் போட மனசு வரவில்லை.

கஷ்டம் கொடுத்தது ட்ரான்ஸ்ஃபார்மர்தான். வால்வுக்கு முன்னால் சுமார் 5000 ஓம் தடை இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். ஸ்பீக்கரோ 8 ஓம். இரண்டுக்கும் பொருத்தம் பார்த்து முடிச்சுப் போடும் தரகர் இந்த ட்ரான்ஸ்ஃபார்மர். ஒரு பக்கம் 25 சுற்றுக்கு மறுபக்கம் 1 சுற்று. 25ஐ 25ஆல் பெருக்கி, அதை 8ஆல் பெருக்குங்கள், 5000 வரும். (கணக்கு எதுக்கு சார் என்று கேட்டவனெல்லாம் கவனி!) மோட்டார் காயில் கட்டும் ஒரு தம்பியிடம் கொடுத்தேன். சுற்று சரியாகத்தான் சுற்றினார். ஆனால் தகடுகளை சாதாரண ட்ரான்ஸ்ஃபார்மர் போல மாற்றி மாற்றி அடுக்கிவிட்டார். இதில் நேர்மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், தகட்டின் காந்தம் நிரம்பிவிடும். தவில் தகர டப்பா தட்டியதுபோல் கேட்டது. பிரித்து, ஈ தகடுகளை ஒரு பக்கமும் ஐ தகடுகளை மறுபக்கமும் வைத்து, நடுவில் போஸ்ட் கார்டு துண்டு ஒன்றைச் செருகினேன். தவில் திரும்பி வந்தது.

வால்வு என்றாலே தேவகானம் என்று நான் சொல்லமாட்டேன். நூறு ரூபாய் ஐ.சி. இதைவிடச் சுத்தமாகப் பெருக்கும். வால்வு செட்டின் இனிமையில் பாதிக்கு மேல் நல்ல ஸ்பீக்கரின் புண்ணியம். ஐ.சி.யே வாங்குங்கள், ஸ்பீக்கரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வால்வுதான் செய்வேன் என்பவர்கள் தனியாக முயலாதீர்கள். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர் அடிக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மச்சான். எண்பதுகளில் மைக் செட் வைத்திருந்தார். உங்களில் பலர் வீட்டுக் காதுகுத்துக்கு அவர்தான் ரேடியோ கட்டினார். வேப்பமரத்தில் ஒரு கூம்புக் குழாய் கட்டினால் அடுத்த ஊருக்குக் கேட்கும். கூம்புக் குழாய் 100 டெசிபலைத் தாண்டும் ஜாதி, அதனால் குறைந்த வாட்டே போதுமாக இருந்தது. பிறகு ஆளுயர பேஸ் பெட்டிகள் வந்தன. திருவிழாவுக்குத் திருவிழா இரவெல்லாம் அவற்றின் முன்னால் நின்றார். இன்று அவருக்குச் சில்வண்டுச் சத்தம் கேட்பதில்லை. பேசினால் 'ச'வும் 'த'வும் ஒன்றாகத்தான் விழுகின்றன. உட்காது நரம்பு போனால் போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாலையில் என் வீட்டுக்கு வந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். "இன்னும் கொஞ்சம் வைங்க மச்சான்" என்பார். "இதுக்கு மேல இதுல இல்லை மச்சான்" என்பேன். மூன்று வாட் போதும் என்ற என் வாதம் அந்த நாற்காலியிடம் மட்டும் தோற்றுப்போகிறது.

என் மாணவர்களில் நாலைந்து பேர் இன்று சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருப்பது உங்களுக்கே தெரியும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. ஒரே இடத்தில் மலைபோல் அடுக்காமல், சின்ன ஸ்பீக்கர்களாகப் பிரித்து, ஆட்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். வாடகை குறையும் என்று சொல்வீர்கள். குறையட்டும், காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா.

செட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு மாலை வரலாம். பழைய கேசட் இருந்தால் கொண்டு வாருங்கள். மச்சானும் இருப்பார், கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்.