பிள்ளைக்கு வண்டில் வாங்கப் போய் றோட்டில் நின்றோம்

எங்கள் பட்ச்சில் ஒருத்திக்குப் போன வருடம் பிள்ளை பிறந்தது. பட்ச்சின் முதல் பிள்ளை எண்டபடியால் எங்கள் எல்லாருக்கும் ஒரே புளுகம். முப்பத்தொண்டுக்கு என்ன கொண்டுபோவது என்று வட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாகக் கதைத்தோம். காப்பு, உடுப்பு, நுளம்புவலை என்று ஆளுக்கொன்று சொன்னோம். கடைசியில் அவளிடமே கேட்டோம். "நான் வீட்டை விட்டு வெளிக்கிட ஏதாவது வாங்கித் தாங்கோ" என்றாள்.

பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு குழுவில் கொஞ்ச நேரம் ஒருத்தரும் ஒன்றும் எழுதவில்லை. விரிவுரை முடிந்ததும் டவுனுக்கு ஓடி, கொத்து சாப்பிட்டு, கடைசி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த ஆள் அவள். பிள்ளை பிறந்த பிறகு அவள் போன தூரம் கிணற்றடியும் கிளினிக்கும்தான்.

அப்படித்தான் பிராம் ஒன்று வாங்கிக் கொடுப்போம் என்று முடிவெடுத்தோம். மகாபொல காசு, ரியூசன் காசு, ஒருத்தியின் சீட்டுக் காசு எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய் வந்தது. எங்களில் ஒருத்தருக்கும் பிள்ளை வளர்த்த அனுபவம் இல்லை. குடை வாங்குவது மாதிரி, நிறம் பார்த்து வாங்கிவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தோம்.

யாழ்ப்பாணம் டவுனில் நாங்கள் ஏறிய கடையில் அண்ணை ஒருவர் முதலில் காட்டியது 'த்ரீ இன் வன்'. "தங்கச்சி, இது ஒண்டை வாங்கினா மூண்டு சாமான் வாங்கின மாதிரி. பிறந்த பிள்ளையைப் படுக்க வைக்கலாம், பிறகு இருக்க வைக்கலாம், காருக்குள்ளயும் பூட்டலாம்" என்றார். விலை எங்களின் காசைப்போல இரண்டு மடங்கு. ஆனால் அவர் சொன்ன விளக்கம் நல்லது. பிராம் என்றால் பிள்ளை படுத்திருப்பது, ஸ்ட்ரோலர் என்றால் பிள்ளை இருப்பது. இரண்டாகவும் மாற்றிப் பாவிக்கக்கூடியதுதான் இந்த வகை.

ஏன் அந்த மாற்றம் வேண்டும்? பிறந்த பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. நாலு மாதமளவில்தான் தலை ஓரளவு நிமிரும், ஆறு மாதமளவில்தான் பிடிக்காமல் இருக்கத் தொடங்கும். அதுவரைக்கும் சாய்ந்த இருக்கையில் வைத்தால் தலை முன்னுக்கு விழுந்து, நாடி நெஞ்சில் முட்டி, மூச்சுப்பாதை நெரியலாம். ஆகவே முதல் மாதங்களுக்குத் தட்டையாகப் படுக்கவேண்டும். 'கொஞ்சம் சாயும்' என்பது காணாது. கடையில் நின்று முதுகுத் தட்டைக் கடைசி வரை சாய்த்துப் பாருங்கள். கட்டில் மாதிரிக் கிடையாக வராவிட்டால் அது பிறந்த பிள்ளைக்குரிய சாமான் இல்லை, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

அடுத்தது முகம் பார்க்கிற விஷயம். சின்னப் பிள்ளை தள்ளுகிற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கும் நிம்மதி, எங்களுக்கும் அது சத்தி எடுத்தாலோ வெயில் பட்டாலோ உடனே தெரியும். வளர்ந்த பிறகுதான் அதற்கு றோட்டைப் பார்க்க ஆசை வரும். இப்படித் திருப்புகிற யோசனை இன்றைக்கு வந்ததில்லை. அமெரிக்காவில் வில்லியம் எச். ரிச்சர்ட்சன் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் திருப்பிவைக்கக்கூடிய குழந்தை வண்டிக்கு 1889இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். இப்போது கடைகளில் இருப்பதில் இரண்டு வகை. ஒன்றில் இருக்கையையே கழற்றித் திருப்பலாம். மலிவானவற்றில் பெரும்பாலும் கைபிடியை மட்டும் மற்றப் பக்கம் மடித்துவிடுவார்கள். அப்படி மடித்தால் சுழலுகிற முன்சில்லு பின்னுக்கு வந்துவிடும், திருப்பும்போது வண்டில் சொல்வழி கேளாது. மினுக்கிய கடைத் தரையில் இது தெரியவராது.

மூன்றாவது சாமான் கார் இருக்கை. அவளிடம் கார் இல்லை. அவளின் கணவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கிளினிக்குக்குப் போவதென்றால் அவர் ஓட, அவள் பின்னால் ஒருபக்கமாக இருந்து பிள்ளையை நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போவாள். அவர் வேலைக்குப் போன நாளில் ஓட்டோ. ஓட்டோவில் அந்த இருக்கையைப் பூட்ட வழியில்லை. ஆக, நாங்கள் அரைவாசிக் காசு கொடுக்கப்போவது இல்லாத காருக்கு. எங்களுக்கு விற்கப்படும் பெரும்பாலான பிள்ளைச் சாமான்கள் வேறொரு ஊரின் வாழ்க்கைக்காகச் செய்தவை: அங்கே வீட்டு வாசலில் நடைபாதை, பஸ்ஸில் தாழ்ந்த படி, கடைக்குள் சரிவுப்பாதை. சாமான் கப்பலில் வந்துவிடுகிறது. நடைபாதை வருவதில்லை.

"இதை எங்க கொண்டுபோய்த் தள்ளுறது?" என்று எங்களில் ஒருவன் கேட்டான். அந்தக் கேள்வியோடு வாங்காமல் திரும்பினோம்.

அடுத்த சனிக்கிழமை அவளின் வீட்டிலிருந்து கிளினிக் வரைக்கும் நடந்து பார்த்தோம். ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. படலையடியில் ஒரு கொங்கிறீற் படி. ஒழுங்கை முழுக்கக் கிறவல், மழை கழுவிவிட்ட இடங்களில் மணல். சந்தியில் கானுக்கு மேல் போட்ட தட்டுகளுக்கிடையில் ஒரு கை அகல இடைவெளி. பிரதான வீதியில் நடைபாதை இருக்கிறது. ஆனால் அதில் நிற்பது மோட்டார் சைக்கிள், கடைக்காரரின் வாளி அடுக்கு, ஒரு மின்கம்பம். ஒவ்வொரு கடை வாசலுக்கும் நடைபாதை வேறு வேறு உயரம். கிளினிக் கட்டடத்துக்கு மூன்று படி. பிள்ளைகளை நிறுக்கவும் ஊசி போடவும் தாய்மார் வருகிற இடத்துக்கு மூன்று படி!

நாங்கள் இத்தனை வருடம் இந்தப் பாதையால் போனவர்கள்தான். காலும் சைக்கிளும் இருந்தபடியால் ஒன்றும் கண்ணில் படவில்லை. நாலு சின்னச் சில்லை மனதில் வைத்து நடந்தபோதுதான் தெரிந்தது, சக்கர நாற்காலியில் போகிறவர்கள் தினமும் காண்பது இதைத்தான். போருக்குப் பிறகான வடக்கில் அப்படியானவர்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொது இடங்களுக்கான அணுகும் வசதிகள் பற்றி அதன்கீழ் 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள் அவற்றுக்கு இணங்கவேண்டும் என்று 2009இல் உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு என்பது உலகம் முழுக்கத் தெரிந்த கணக்கு. அந்த மூன்று படிக்கும் பக்கத்தில் பதினைந்து, பதினெட்டு அடிச் சரிவு வைக்கத் தாராளமாக இடம் இருந்தது. அதில் பூச்சாடி வைத்திருந்தார்கள்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: எந்த பிராம் நல்லது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கடையில் இருக்கிறது, மீதிப் பாதி றோட்டில் இருக்கிறது. கடைப் பாதியை ஒரு குடும்பம் காசு சேர்த்து வாங்கிவிடும். றோட்டுப் பாதியை ஒரு தாய் தனியே வாங்க முடியாது. அது உள்ளூராட்சி வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் கேட்கவேண்டியது. வீதிக்குக் காப்பெற் போட்டதைச் சொல்லி வருவார்கள். நடக்கிற ஆட்களுக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்போம்.

இதை அவளின் வீட்டில் கதைத்தபோது அம்மம்மா சிரித்தா. "பிள்ளையள், ஏன் உதுக்குக் காசைக் கரியாக்கிறியள்? நாங்கள் ஏணையில ஆட்டி, இடுப்பில வைச்சு அஞ்சு வளர்க்கேல்லையே? பிள்ளையைத் தெருவால தள்ளிக்கொண்டு போனா கண்ணூறுதான் படும்." அவவின் பேச்சை நாங்கள் லேசாகத் தட்டிவிட விரும்பவில்லை. 1995 இடம்பெயர்வில் ஒரு பிள்ளையை இடுப்பிலும் இன்னொன்றைச் சைக்கிள் பாரிலும் வைத்துக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டிய தலைமுறை அது. ஆனால் ஒன்றைக் கேட்டோம்: "அம்மம்மா, உங்கட இடுப்பு நொந்தா ஆர் பிள்ளையை வாங்குறது?" கொஞ்சம் யோசித்துவிட்டு, மாமி, மச்சாள், பக்கத்து வீட்டுப் பெட்டை என்று அடுக்கினா. அதுதான் விஷயம். அந்த இடுப்புகளுக்குப் பின்னால் பத்துக் கை இருந்தது. இப்போது மாமி கனடாவில், மச்சாள் கொழும்பில் வேலை, பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு முற்றத்தில் ஒரு தாயும் ஒரு கிழவியும் ஒரு பிள்ளையும்தான் மிச்சம். வண்டில் தாயின் அணைப்புக்குப் பதில் வருவதில்லை, அந்தக் காணாமற்போன கைகளுக்குப் பதிலாகத்தான் வருகிறது.

அது பணக்காரச் சாமான் என்று எங்களுக்குள்ளேயே ஒருத்தி சொன்னாள். 2022 நெருக்கடியில் ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதிச் சாமான்களின் விலையைப் பார்த்தால் அவள் சொல்வதும் பிழையில்லை. அதனால்தான் புதிதை விட்டுவிட்டுப் பழையதைத் தேடினோம். வெளிநாட்டிலிருந்து வந்து, ஒரு பிள்ளை பாவித்து, விறாந்தையில் தூசி பிடித்துக் கிடக்கிற வண்டில் எங்கள் ஊர்களில் கனக்க இருக்கிறது. ஆனால் பழையதென்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். 2009 நவம்பரில் மெக்லாரன் ஸ்ட்ரோலர்கள் பத்து லட்சமளவில் அமெரிக்காவில் பாதுகாப்புக் காரணத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. மடக்கி விரிக்கும்போது பிணைச்சலுக்குள் பிள்ளைகளின் விரல் நுனி அகப்பட்டுத் துண்டான சம்பவங்கள்தான் காரணம். பிணைச்சலை மூடுகிற உறையை அந்த நிறுவனம் கொடுத்தது. எந்தப் பெயரானாலும் மடக்குகிற இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள், பிள்ளையைத் தள்ளி நிறுத்திவிட்டு விரியுங்கள், பூட்டு விழுந்த சத்தம் கேட்ட பிறகு ஏற்றுங்கள்.

கடைசியில் 18,000 ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. நாங்கள் பார்த்தது இவ்வளவுதான். முதுகு கிடையாக வருகிறது. இருக்கையைத் திருப்பலாம். தோள், இடுப்பு, கால்நடு என்று ஐந்து இடத்தில் பிடிக்கிற பெல்ட் இருக்கிறது, அதைத் துணிக்கடை முடிச்சு மாதிரி இல்லாமல் ஒழுங்காகப் பூட்டலாம். பிரேக்கைப் போட்டுச் சரிவில் விட்டோம், அசையவில்லை. சில்லு பெரிது, காற்றடிக்கிற வகை. சின்ன பிளாஸ்ரிக் சில்லு கிறவலில் புதையும், இது ஏறிப்போகும். காற்றுப் போனால் சைக்கிள் கடையில் ஒட்டலாம். குறை என்னவென்றால் பாரம். பன்னிரண்டு கிலோவுக்குக் கிட்ட. பஸ்ஸில் ஏற்றவேண்டுமென்றால் குடை மாதிரி மடங்குகிற, அதன் அரைவாசிப் பாரமுள்ளதுதான் நல்லது. 1965இல் ஓவன் மெக்லாரன் என்ற விமானப் பொறியியலாளர் அந்த வகையைச் செய்ததே பயணத்துக்குத்தான். ஆனால் அது கழுத்து நிற்காத பிள்ளைக்குச் சரிவராது, எங்கள் ஒழுங்கைக்கும் சரிவராது. எங்கள் பஸ்ஸின் படி இருக்கிற உயரத்துக்கு எதை வாங்கினாலும் இரண்டு பேர் வேண்டும். ஆகவே பஸ்ஸை விட்டுவிட்டு நடையைத் தெரிந்தோம்.

கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தோம். சந்தைப் பையைக் கைபிடியில் கொழுவாதே, பிள்ளையைத் தூக்கினவுடனே வண்டில் பின்பக்கம் கவிழும். கீழ்க்கூடையில் வை. வெயிலுக்கு வண்டிலை முழுக்கத் துணியால் மூடாதே, நிழல் என்று நினைப்போம், உள்ளே காற்றில்லாமல் சூடு ஏறும். மறைப்பை இழுத்துவிட்டு, காலமையும் பின்னேரமும் போனால் போதும்.

இன்னொரு விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை, அவளின் கணவரிடம் சொன்னோம். "அண்ணை, நீங்களும் தள்ளவேணும்." அவர் வெட்கப்பட்டார். பிள்ளையை மோட்டார் சைக்கிள் ராங்கில் வைத்து ஊர் சுற்றுகிற அப்பாவை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வண்டில் தள்ளுகிற அப்பாவை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்கள். முதல் நாள் ஒழுங்கை முடியும்வரை தள்ளிப்போட்டுத் திரும்பிவிட்டாராம். இரண்டாம் கிழமை சந்திக் கடை வரைக்கும் போனாராம். கடையில் நின்ற பெடியள் பகிடி பண்ணினார்கள். பிறகு அதிலொருவன் விலை கேட்டானாம்.

அவள் இப்போது கிளினிக்குக்குத் தானே நடந்து போகிறாள். அந்த மூன்று படியில் வரிசையில் நிற்கிற தாய்மாரில் ஒருத்தர் முன்பக்கம் பிடித்துத் தூக்கிவிடுகிறார். சரிவு கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். அங்கே வருகிற இருபத்தியிரண்டு தாய்மார் கையெழுத்து வைத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை.

ஒரு வண்டிலால் அவளின் நாலாம் வருடம் திரும்பி வந்துவிடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். பரீட்சைக்கு அவள் மண்டபத்துக்குள் இருக்கிற மூன்று மணித்தியாலமும் வெளியே ஒராள் பிள்ளையோடு இருக்கவேண்டும். பால் கொடுக்க ஒரு அறை வேண்டும். அதற்கும் கடிதம் எழுதுவோம். அதுவரைக்கும் எங்களுக்குள் முறை போட்டிருக்கிறோம். முதல் பரீட்சை நாளில் மரத்தடியில் வண்டில் தள்ளுகிற முறை, "இதை எங்க கொண்டுபோய்த் தள்ளுறது" என்று கேட்டவனுக்கு விழுந்திருக்கிறது.