மனம் சொன்னால் போதுமா?

நல்ல வேலையை விட்டுவிட்டு, "மனம் சொல்கிறது, விவசாயம் செய்யப் போகிறேன்" என்று நிலத்திற்குத் திரும்பும் இளைஞர்கள் உண்டு. பாராட்ட வேண்டியதே. ஆனால் மனம் சொன்னதை வயலும் ஒப்புக்கொள்ள வேண்டுமே!

ஜப்பானிய இயற்கை விவசாயி மசனோபு ஃபுகுவோகாவின் அனுபவம் இங்கு நினைவுகூரத்தக்கது. 1913-ல் பிறந்த அவர், யோகோஹாமா சுங்க அலுவலகத்தில் பயிர்ப் பரிசோதனைப் பிரிவில் பணியாற்றினார். 25-ஆம் வயதில் கடும் நிமோனியாவிலிருந்து தேறியபின், இயற்கையை மிஞ்ச மனித முயற்சியால் ஆகாது என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் உறுதிப்பட்டது. வேலையைத் துறந்து ஊர் திரும்பினார். தந்தையின் ஆரஞ்சுத் தோட்டத்தில் கவாத்து செய்வதை அடியோடு நிறுத்தினார். விளைவு? கிளைகள் பின்னிக்கொண்டன, பூச்சிகள் தாக்கின, மரங்கள் பட்டுப்போயின.

அவர் தம் நோக்கத்தைக் கைவிடவில்லை. மரங்கள் கற்பித்த பாடத்தையும் ஒதுக்கவில்லை. கவாத்துக்குப் பழகிய மரத்தைத் திடீரெனக் கவனிக்காமல் விடுவது இயற்கை விவசாயம் அல்ல என உணர்ந்தார். பின்னர் பல்லாண்டுகள் வயலைக் கவனித்து, உழாமலே நெல்லும் பார்லியும் விளைவிக்கும் முறையைக் கண்டார். 1988-ல் மகசேசே விருது பெற்றார்.

ஆகவே, மனதில் தோன்றும் புதிய முறையை முதலில் 5 சென்ட் நிலத்தில் செய்து பார்ப்பது நலம். நாள்தோறும் காலையில் வரப்பைச் சுற்றி வந்து, கண்டதை நோட்டில் குறித்து வைக்க வேண்டும். அறுவடைக்குப் பின் அதைப் படித்தால், எந்த எண்ணத்தை நம்பலாம், எதை மாற்ற வேண்டும் என்பது விளங்கும்.