லீவு கேட்பது யாசகமல்ல

“தயவுகூர்ந்து இரண்டு நாள் லீவு தந்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” நமது ஆலைகளில் எழுதப்படும் லீவுக் கடிதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு எழுதிப் பழகிய வாசகம் இது. பையன் வளர்ந்து தறி ஓட்டுகிறான், லேத் ஓட்டுகிறான். அவன் கடிதம் மட்டும் வளரவில்லை.

மரியாதையாக எழுதுவதை நாம் குறை சொல்லவில்லை. மரியாதை வேறு, யாசகம் வேறு. இருபது நாள் உழைத்தால் ஒரு நாள் லீவு என்பது கணக்கு. கூலியைப் போலவே அதுவும் தொழிலாளிக்கு வரவேண்டிய பாக்கி. பாக்கியைக் கேட்பவன் ஏன் கூனிக் குறுக வேண்டும்?

இந்த உரிமை தானாக வந்ததல்ல. பம்பாய் மில் தொழிலாளர்கள் லோகாண்டே தலைமையில் பல வருஷம் போராடி, 1890-ல்தான் வாரம் ஒரு நாள் ஓய்வு பெற்றார்கள். 1936-ல் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் லீவு அங்கே சட்டமாயிற்று.

நம் நாட்டில் 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் லீவு கேட்கும் முறையையே வகுத்தது. 15 நாள் முன்னதாக மானேஜருக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். நோய்க்காகக் கேட்டால் அந்தக் கெடு கிடையாது. முறைப்படி கேட்ட லீவை, தொழிலாளர் பிரதிநிதிகளின் சம்மதத்தோடு வகுத்த திட்டப்படி அல்லாமல் மறுக்கக் கூடாது என்றும் அது சொல்லிற்று.

அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. முன்பு வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கே லீவு. இப்போது 180 நாள் போதும். கேட்டு மறுக்கப்பட்ட லீவு, வரம்பில்லாமல் அடுத்த வருஷத்துக்குச் சேரும் என்றும் அது கூறுகிறது.

இங்கேதான் தொழிலாளி விழிப்பாக இருக்க வேண்டும். கேட்டதற்கு அத்தாட்சி எங்கே? ஷிப்டு முடியும் நேரத்தில் சூபர்வைசர் பின்னால் நடந்துகொண்டே, “சார், வெள்ளிக்கிழமை வரமாட்டேன்” என்கிறோம். அவர் திரும்பிப் பாராமலே “முடியாது” என்கிறார். அதோடு தீர்ந்தது. வாயால் கேட்டு வாயால் மறுத்த லீவு எந்த ரிஜிஸ்தரிலும் ஏறாது. தொழிலாளி துணிந்து போய்விட்டால், “சொல்லாமல் நின்றான்” என்று மெமோ வருகிறது. பல இடங்களில் அந்த மாதத்து வருகைப் போனசும் போகிறது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கோ மறுநாள் வேலையே சந்தேகம். ஆனால் சட்டப்படி அவருக்கும் லீவு உண்டு.

“தொழிலாளிகள் பொய் சொல்லி லீவு எடுக்கிறார்கள், ஒருவனுக்கு எத்தனை பாட்டிகள் சாவார்கள்?” என்று நிர்வாகம் கேலி செய்கிறது. நாம் திருப்பிக் கேட்கிறோம்: மகள் பள்ளியில் சேர வேண்டும் என்று உண்மையைச் சொன்னவனுக்கு என்றைக்கு லீவு கொடுத்தீர்கள்? உண்மைக்கு மதிப்பில்லாத இடத்தில்தான் பாட்டி சாகிறாள்.

“எல்லோரும் ஒரே நாளில் போனால் மெஷின் நிற்காதா?” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். பொங்கலும் தீபாவளியும் எந்தத் தேதியில் வரும் என்பது வருஷ ஆரம்பத்திலேயே தெரியும். ஊர்த் திருவிழாவும் திடீரென்று வருவதில்லை. யூனியனும் நிர்வாகமும் உட்கார்ந்து, யார் எப்போது போவது என்று முறை வைத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் மெஷினும் ஓடும், மனிதனும் ஊர் போய் வருவான். அதற்கு மனமில்லாதவர்களே மெஷினைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள்.

தோழர்களே! லீவை எழுதிக் கேளுங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியுடன் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் செய்தி அனுப்பினால் அதை அழித்துவிடாதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கத் தயங்குகிறவருடன் யூனியன் தோழர் ஒருவர் கூடப் போக வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளியின் கடிதத்தை யூனியனே முன்நின்று வாங்கிக் கொடுக்க வேண்டும். “தந்து உதவ வேண்டும்” என்பதை அடித்துவிட்டு, “எனக்குச் சேரவேண்டிய லீவில் இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறேன்” என்று எழுதப் பழகுவோம்.