காலி மனைக்கும் ஒரு காவல் வேண்டும்

பெறுநர்: உள்துறைச் செயலாளர், வருவாய்த் துறைச் செயலாளர், தலைமைச் செயலகம், சென்னை.
அனுப்புநர்: வீடு, மனை உரிமையாளர்கள் சங்கம்.
பொருள்: நில அபகரிப்புத் தடுப்புக்குத் தனிச் சட்டம் கோருதல்.



வெளியூரில் வேலை பார்ப்பவர் புறநகரில் மனை வாங்கிப் போடுகிறார். சில ஆண்டு கழித்து வந்து பார்த்தால் வேலியும் தகரக் கொட்டகையும் நிற்கின்றன. கொட்டகைக்கு மின் இணைப்பும் வந்திருக்கிறது. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றோடு காவல் நிலையம் போனால், ‘இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க’ என்பார்கள். சங்க உறுப்பினர்களுக்கு இந்தப் பதில் மனப்பாடம்.

கோர்ட்டுக்குப் போகவும் கெடு உண்டு. 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, ஒருவர் அடுத்தவர் நிலத்தை உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, தொடர்ந்து 12 ஆண்டு அனுபவித்துவிட்டால் உரிமையாளரின் உரிமையே அற்றுப்போகும். இந்த விதியை 2008-ல் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சாடி, மாற்றுவது பற்றி யோசிக்கும்படி மத்திய அரசைக் கேட்டது. 2023-ல் சட்ட ஆணையமோ மாற்றமே தேவையில்லை என்று முடித்துவிட்டது. எனவே டெல்லியை நம்பிக் காத்திருக்கச் சங்கம் தயாராக இல்லை.

ஆந்திரம் 1982-லேயே தனிச் சட்டம் போட்டது. சிறப்பு நீதிமன்றத்தில் முகாந்திரம் தெரிந்துவிட்டால், தான் அபகரிக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆக்கிரமித்தவர் தலையில். குஜராத்தின் 2020 சட்டம் 10 முதல் 14 ஆண்டு வரை சிறை என்கிறது. அவ்வளவு சிறையைச் சங்கம் கேட்கவில்லை. மனை திரும்பக் கிடைத்தால் போதும்.

தமிழ்நாட்டில் 2011-ல் அரசாணை மூலம் சிறப்பு நீதிமன்றங்கள் அமைந்தன. 2015-ல் அந்த ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது சொன்ன குறை, எது நில அபகரிப்பு என்ற வரையறையே அதில் இல்லை என்பது.

அந்த வரையறைதான் சங்கத்தின் முதல் கோரிக்கை. அனுமதியோ ஒப்பந்தமோ இல்லாமல் தனியார் நிலத்தில் புகுந்தவர் மட்டுமே அதில் வர வேண்டும். வாடகைதாரர் தகராறுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. புறம்போக்கில் குடிசை போட்ட ஏழைகளின் கதையே வேறு. அவர்களை இதில் இழுக்கக் கூடாது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2024-ல் ஆக்கிரமிப்பாளரை ஷெரீஃப் என்ற காவல் அதிகாரியே வெளியேற்ற வழி செய்தது. தவறாக வெளியேற்றப்பட்டவர் வழக்குப் போட்டு இழப்பீடு பெறவும் அதே சட்டம் இடம் தருகிறது. அப்படியொரு இழப்பீட்டுப் பிரிவு இங்கேயும் வேண்டும். உறுப்பினர்களில் சிலருக்கே இது கசக்கும், ஆனாலும் வேண்டும்.

சட்டம் வரும்வரை, புகார் வந்த 30 நாளுக்குள் வட்டாட்சியர் நில அளவையரோடு நேரில் வந்து பார்க்க உத்தரவிட வேண்டும். மூலப் பத்திரம் பார்க்காமல் மின் இணைப்பும் வரி ரசீதும் தரக் கூடாதென மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்புமாறும் சங்கம் கோருகிறது.