லேப்டாப்பா? மேஜைக் கம்ப்யூட்டரா? நகையை அடகு வைக்கும் முன் யோசியுங்கள்!

கலியாணம் என்றால் மேளம் உண்டு, சாப்பாடு உண்டு. இந்தக் காலத்தில் வீடியோவும் உண்டு.

எடுத்த வீடியோவை அப்படியே கொடுக்க முடியாது. வெட்ட வேண்டும்; ஒட்ட வேண்டும்; பாட்டுச் சேர்க்க வேண்டும். இதற்கு "எடிட்டிங்" என்று பெயர். ஊருக்கு ஊர் வாலிபர்கள் இந்தத் தொழிலில் இறங்குகிறார்கள். பெண்களும் இறங்குகிறார்கள்.

தொழில் என்றால் கருவி வேண்டும். "ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுங்கள், அப்பா" என்று மகன் கேட்கிறான். அப்பாவிடம் ரொக்கம் இல்லை. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது.

அந்த வளையலை மீட்க முடியுமா? வாங்கும் கருவி ஒழுங்காக உழைத்தால் முடியும்!

என் கருத்து இதுதான்: வீட்டில் உட்கார்ந்து எடிட்டிங் செய்கிறவருக்கு லேப்டாப் வேண்டாம். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய மேஜைக் கம்ப்யூட்டரே மேல்.

ஏன்?

மலை போன்ற வேலை

இப்பொழுது பலர் "4கே" என்ற தரத்தில் படம் எடுக்கிறார்கள். அதில் ஒரே ஒரு படத்தில் சுமார் 83 லட்சம் புள்ளிகள் உண்டு. விநாடிக்கு 25 படம் ஓடும். அப்படியானால் விநாடிக்கு 20 கோடிப் புள்ளிகளுக்கு மேல்! அத்தனையையும் கம்ப்யூட்டர் கணக்குப் பார்க்க வேண்டும்.

இடமும் நிறைய வேண்டும். விநாடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் பதிவு செய்தால், ஒரு மணி நேரப் படம் 45 ஜி.பி. பிடிக்கும். இரண்டு காமிராவில் ஆறு ஆறு மணி நேரம் எடுத்தால் 540 ஜி.பி. இது ஒரே ஒரு கலியாணத்துக்கு!

சூடுதான் எதிரி

இவ்வளவு வேலை செய்தால் எந்தக் கருவியும் சூடாகும். மேஜைக் கம்ப்யூட்டரின் பெட்டி பெரியது. உள்ளே பெரிய விசிறிகள் வைக்கலாம். காற்று தாராளமாகப் போய் வரும்.

லேப்டாப் மெல்லியது. சூடு வெளியேற வழி குறைவு. சூடு மிஞ்சினால், கெட்டுப்போகாமல் இருக்க அதுவே தன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். கடைசியில் முழுப் படத்தையும் உருவாக்கி எடுக்கும் வேலை மணிக் கணக்கில் இழுக்கும்.

இன்னொன்றும் உண்டு. கிராபிக்ஸ் கார்டின் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். "பெயர் ஒன்றுதானே!" என்று ஏமாறக் கூடாது. லேப்டாப்பில் இருப்பதற்குப் பெரும்பாலும் மின்சாரம் குறைவாகக் கிடைக்கும். அதனால் வேலையும் குறைவு.

கெட்டால் என்ன ஆகும்?

மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். வருமானம் வந்த பிறகு, 16 ஜி.பி. ராமை 32 ஆக உயர்த்தலாம். பழைய பெட்டி வீணாகாது.

பல லேப்டாப்புகளில் ராமைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது. பலகை கெட்டால் செலவு ஆளை விழுங்கிவிடும்.

யாருக்கு லேப்டாப்?

லேப்டாப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. காலையில் நடந்த முகூர்த்தத்தை மாலை வரவேற்பிலேயே திரையில் காட்டுகிறார்களே, அந்த வேலைக்கு லேப்டாப்தான் வேண்டும். மண்டபத்துக்கு மேஜைக் கம்ப்யூட்டரைச் சுமந்து போக முடியுமா? ஹாஸ்டலில் இருப்பவருக்கும் அதுதான் சௌகரியம்.

ஆப்பிள் கம்பெனி 2020 நவம்பரில் எம்1 என்ற சிப்புடன் லேப்டாப் கொண்டு வந்தது. அந்த வரிசை மின்சாரம் குறைவாகச் சாப்பிடுகிறது, சூடும் குறைவு, வீடியோ வேலையில் கெட்டி. ஆனால் அதிலும் பிறகு ராமைக் கூட்ட முடியாது. முதலிலேயே வேண்டிய அளவு வாங்க வேண்டும். அதற்கு விலை அதிகம்.

வாங்கும்போது கவனியுங்கள்

சென்னை ரிச்சி தெருவில் பாகம் வாங்கிப் பூட்டித் தருகிறார்கள். உங்கள் ஊரிலும் கடை இருக்கலாம். ஒவ்வொரு பாகத்தின் பெயரும் எண்ணும் எழுதிய பில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வாரண்டி உண்டு.

இன்டெல் சிப்பில் எண்ணின் முடிவில் "எஃப்" என்ற எழுத்து இருந்தால், உள்ளேயே படம் காட்டும் பகுதி அதில் இல்லை. அந்தப் பகுதி வீடியோ வேலைக்கு நல்ல துணை. சில்லறை மிச்சம் பிடிக்க அதை விட வேண்டாம். மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையிலும் மலிவுச் சரக்கு கூடாது.

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் விலையையும் கூட்டிப் பாருங்கள். யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும். லேப்டாப்பில் பாட்டரி உண்டு, இதில் இல்லை. கரண்ட் போனால் செய்த வேலையும் போய்விடும்!

படத்தை இரண்டு டிஸ்கில் வையுங்கள். டிஸ்க் ஒன்று கெட்டால் வேறு வாங்கலாம். முகூர்த்தம் இரண்டாம் முறை நடக்காது!

கற்றுக்கொள்ள நகை வேண்டாம்

டாவின்சி ரிசால்வ், கேடென்லைவ் ஆகிய எடிட்டிங் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முன்னதில் இலவசப் பதிப்பு ஒன்று உண்டு. பின்னது முழுவதும் இலவசம். கம்ப்யூட்டர் திணறினால், படத்துக்குச் சிறிய நகல் எடுத்து அதில் வெட்டி ஒட்டலாம். கடைசியில் அசல் படத்தைக் கொண்டு முடிக்கலாம். இதற்கு "ப்ராக்ஸி" என்று பெயர். ஆகவே, முதலில் கையில் இருக்கும் கம்ப்யூட்டரில் பழகட்டும்.

பெற்றோருக்குக் கம்ப்யூட்டர் தெரியாமல் இருக்கலாம். மூன்று கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

"எங்கே உட்கார்ந்து வேலை செய்வாய்? ஒரு பாகம் கெட்டால் என்ன செய்வாய்? மாதத்துக்கு எத்தனை கலியாணம் கைவசம் இருக்கிறது?"

மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் வாங்கிக் கொடுங்கள். பதில் வராவிட்டால், இன்னும் ஆறு மாதம் பழகச் சொல்லுங்கள்.