ஒட்டகத்தைக் கட்டினீர்களா, தம்பி?

சில மாதங்களுக்கு முன்பு ஒரு நாள். இஷா தொழுகை முடிந்து, பள்ளிவாசலின் விளக்குகளை மோதினார் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். வாலிபர் ஒருவர் தயங்கித் தயங்கி என் அருகில் வந்தார். இன்ஜினியரிங் முடித்தவர்.

"ஹஜ்ரத், நாளைக்குக் காலைல இன்டர்வியூ. துஆ செய்யுங்க."

செய்தேன். உருக்கமாக ஆமீன் சொன்னார். புறப்படும்போது சும்மா கேட்டு வைத்தேன், "என்ன கம்பெனி தம்பி? என்ன செய்யறாங்க?"

"பம்பு ஹஜ்ரத்... இல்ல, வால்வுன்னு நெனைக்கிறேன். மெயில்ல இருக்கு."

"என்ன வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க?"

"ஏதாச்சும் கொடுப்பாங்க ஹஜ்ரத்."

சர்டிபிகேட் எல்லாம்? ஒரிஜினல் ஊரில் உம்மாவிடம் இருக்கிறதாம். செல்போனில் போட்டோ இருக்கிறதாம்!

பத்து நாள் கழித்து ஜும்ஆவில் பார்த்தேன். வேலை கிடைக்கவில்லை. அவர் சொன்ன காரணம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. "பேரைப் பார்த்தாலே தள்ளிடறாங்க ஹஜ்ரத்!"

சகோதரர்களே! பாரபட்சமே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போதும் வேலை கேட்டுப் போகும்போதும் நம் பெயர் என்ன பாடுபடுகிறது என்பதை ஊர் ஊராகச் சுற்றுகிற எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்காகப் போராட வேண்டிய இடத்தில் போராடுவோம். ஆனால் அந்தத் தம்பியின் விஷயத்தில் பெயர் என்ன பாவம் செய்தது? பம்பா வால்வா என்று தெரியாமல் போன ராமசாமிக்கும் அந்தோணிக்கும் அதே பதில்தானே கிடைத்திருக்கும்?

ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்ன செய்தி திர்மிதியில் வருகிறது. மிம்பரில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! கேட்டுத் தலையாட்டிய ஜமாஅத், வெளியே வந்ததும் ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிடுகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2006-ல் வெளிவந்த சச்சார் கமிட்டி அறிக்கையை நாம் மேடைதோறும் முழங்கினோம். ஐ.ஏ.எஸ். பணியில் முஸ்லிம்கள் 3 சதவீதம், ஐ.பி.எஸ்.ஸில் 4 சதவீதம் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதை நாம் அவ்வளவாகச் சொல்லவில்லை. 2003, 2004 ஆண்டுகளின் சிவில் சர்வீஸ் எழுத்துத் தேர்வை எழுதியவர்களில் முஸ்லிம்கள் 4.9 சதவீதம் மட்டுமே. நாட்டு மக்கள் தொகையில் அப்போது நாம் 13.4 சதவீதம். தேர்வு எழுதிய முஸ்லிம்களின் வெற்றி விகிதமோ ஏறக்குறைய மற்றவர்களுக்குச் சமம்! அதாவது, போனவர்கள் தோற்றது குறைவு. போகாமலேயே தோற்றவர்கள்தான் அதிகம். இதற்கு யாருடைய கொடும்பாவியைக் கொளுத்துவது?

தமிழ்நாட்டில் 2007-ல் நமக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு கிடைத்தது. வெயிலிலும் மழையிலும் வீதியில் நின்று கேட்டது. அந்த இடத்தில் உட்கார ஆள் அனுப்ப வேண்டியது யார் பொறுப்பு? குரூப் 4 தேர்வுக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. மத்திய அரசும் 2016 ஜனவரி 1 முதல் 'சி' பிரிவுப் பணிகளுக்கும், 'பி' பிரிவில் கெஜட் அந்தஸ்து இல்லாத பணிகளுக்கும் நேர்முகத் தேர்வை எடுத்துவிட்டது. அங்கே உங்கள் தாடியைப் பார்ப்பவர் யாரும் இல்லை. கறுப்பு மையால் நிரப்பிய வட்டத்தை மிஷின்தான் பார்க்கிறது. மிஷினுக்கு மதவெறி உண்டா? "நமக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போறாங்க" என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நேர்முகத் தேர்வு உள்ள இடங்களுக்கு வருவோம். முதலில் காகிதம். சிரிக்காதீர்கள். நம் பிள்ளைகள் பாதிப் பேர் இடறி விழுவது இங்கேதான். முஹம்மது என்ற அழகான பெயரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், பாஸ்போர்ட்டில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறோம். ஒன்றில் இரண்டு 'எம்', ஒன்றில் ஒற்றை 'எம்', இன்னொன்றில் வெறும் 'எம்.டி.' என்ற சுருக்கம்! அத்தாவின் பெயர் ஒரு இடத்தில் இனிஷியல், ஒரு இடத்தில் முழுப்பெயர். சரிபார்க்கிற அதிகாரி, "இவர் எல்லோரும் ஒரே ஆள்தானா?" என்று கேட்டால் அது பாரபட்சமா? கெஜட்டில் பெயரைத் திருத்தி வெளியிட வழி இருக்கிறது. ஆனால் அது ஒரு நாளில் முடிகிற காரியமல்ல. அழைப்புக் கடிதம் வந்த பிறகு ஓடினால் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். 3.5 சதவீதப் பட்டியலில் ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்கனி முஸ்லிம், மாப்பிள்ளை, ஷேக், சையத், அன்சார், தூதேகுலா என்று ஏழு பிரிவுகள் உள்ளன. அதில் உங்கள் பிரிவு எது என்று சான்றிதழில் தெளிவாக இருக்க வேண்டும். "நாங்க முஸ்லிம், அவ்வளவுதான்" என்பது மறுமைக்குப் போதும், தாலுகா ஆபீசுக்குப் போதாது. திருமணமான சகோதரிகள் கவனிக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி.க்குத் தகப்பனார் பெயரில் வாங்கிய சாதிச் சான்றிதழ்தான் செல்லும், கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. பட்டப்படிப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. படித்த பள்ளி, கல்லூரிகளிலேயே அதற்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அடுத்தது பேச்சு. இங்கேதான் நம் வரலாறு நமக்குக் கை கொடுக்கிறது.

கி.பி. 615 வாக்கில் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் போன ஸஹாபாக்களை நஜ்ஜாஷி மன்னர் அரசவைக்கு அழைத்தார். குறைஷியரின் தூதராகப் போயிருந்த அம்ரு பின் ஆஸ் பரிசுப் பொருட்களோடு அங்கே காத்திருந்தார். உயிர் போகிற விஷயம். அழைப்பு வந்ததும் அந்த ஸஹாபாக்கள் என்ன செய்தார்கள்? ஒன்றுகூடி, "அரசர் கேட்டால் என்ன சொல்வது?" என்று தங்களுக்குள் ஆலோசனை செய்தார்கள். யார் பேசுவது என்பதும் முடிவாகி, ஜஃபர் பின் அபீதாலிப் (ரலி) எழுந்து பேசினார்கள். முன்பு எப்படி இருந்தோம், என்ன மாறியது, ஏன் இங்கே வந்தோம் என்று வரிசையாகச் சொன்னார்கள். மறுநாள் ஈஸா (அலை) அவர்களைப் பற்றிக் கேட்டு மாட்டிவிட அம்ரு சூழ்ச்சி செய்தபோதும் மறுபடி கூடிப் பேசினார்கள். என்ன வந்தாலும் அல்லாஹ் சொன்னதையே சொல்வோம் என்று முடிவெடுத்துப் போனார்கள். கேள்வி வரும் முன்பே பதிலை யோசித்திருந்தார்கள். பதிலில் பொய்யும் இல்லை, பயமும் இல்லை, கோபமும் இல்லை.

உங்களிடமும் அப்படிக் கேள்வி வரலாம். நாட்டில் எங்கோ நடந்த சம்பவத்தைச் சொல்லி உங்கள் கருத்தைக் கேட்பார்கள். சில சமயம் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்பார்கள், சில சமயம் சீண்டுவதற்கும் கேட்பார்கள். எதுவென்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். சட்டம் என்ன சொல்கிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று நான்கு வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். மேடைப் பேச்சை அங்கே அவிழ்க்காதீர்கள். அதை எங்களுக்கு விட்டுவிடுங்கள்!

"தன்னைப் பற்றித் தானே சொல்வது பெருமை இல்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். யூசுஃப் (அலை) எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பாதுகாக்கத் தெரிந்தவர், விஷயம் அறிந்தவர் என்று சொல்லித்தான் கேட்டார்கள் (12:55). இரண்டே தகுதிகள், அந்த வேலைக்கு எவை தேவையோ அவை மட்டும். மற்றதைச் சொல்லவில்லை. மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு வைத்துக்கொள்ளும்படி தந்தையிடம் சொன்ன மத்யன் பெண்ணும் வலிமை, நம்பிக்கை என்ற இரண்டைத்தான் சொன்னார் (28:26). உங்களுக்குப் போட்டோஷாப் தெரியும் என்பதை வால்வு கம்பெனியில் சொல்லி என்ன ஆகப் போகிறது?

இதைச் சொல்கிற நான் யோக்கியமா என்றால், இல்லை. ஓதி முடித்து ஸனது வாங்கிய புதிதில் இமாம் பொறுப்புக்காக ஓர் ஊருக்குப் போனேன். கிராஅத்துக்கு மூன்று சூராக்களை நன்றாக மெருகேற்றி வைத்திருந்தேன். தொழ வைத்தேன், எல்லோருக்கும் திருப்தி. பிறகு நிர்வாகக் கமிட்டி உட்கார்ந்தது. "மக்தபில் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. அந்த ஊரில் எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம், ஒன்றையும் நான் விசாரிக்கவில்லை. வேறொருவரை வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு நானும் அந்தக் கமிட்டியைத்தான் திட்டினேன்.

தாடியை எடுத்துவிட்டுப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், வேண்டாம். ஒதுக்கிச் சீவிக்கொள்ளுங்கள், நகம் வெட்டுங்கள், சட்டையை இஸ்திரி போடுங்கள், வாயில் வாடை இல்லாமல் போங்கள். மிஸ்வாக்கின் சுன்னத்தை வேறு எதற்கு வைத்திருக்கிறோம்? ஹிஜாபை விட்டுவிட்டு வரச் சொல்கிற இடத்தில் மறுக்க நம் சகோதரிகளுக்கு உரிமை உண்டு. அதையும் அமைதியாகச் சொல்லிவிட்டு வரலாம். வெள்ளிக்கிழமை அழைத்திருந்தால் முதல் நாளே போய் அருகில் எந்தப் பள்ளி, எத்தனை மணிக்கு ஜமாஅத் என்று பார்த்து வையுங்கள்.

வளைகுடா இன்டர்வியூ பற்றியும் ஒரு வார்த்தை. லாட்ஜ் அறையில் உட்கார வைத்து, இரண்டு கேள்வி கேட்டு, "செலக்ட் ஆயிட்டீங்க, பணத்தைக் கட்டுங்க" என்கிறானே, அது இன்டர்வியூ அல்ல. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டா என்று பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வாருங்கள். இந்தத் தேர்வில் கேள்வி கேட்க வேண்டியவர் நீங்கள்தான். சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை வருடம், சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு?

கடைசியாக வியாபாரப் பெருமக்களுக்கு. ஜவுளிக் கடையோ தோல் மண்டியோ இரும்புக் கடையோ, ஆயிரம் பேரைப் பார்த்து நூறு பேரை வேலைக்கு வைத்தவர்கள் நீங்கள். கடைக்குள் நுழைகிற விதத்திலேயே பையனை எடை போடுகிற கண் உங்களுக்கு இருக்கிறது. அந்த அனுபவம் உங்கள் கல்லாவோடு முடிந்துபோக வேண்டுமா? சிவில் சர்வீஸுக்குப் போகிற பிள்ளைகளுக்கு மாதிரி நேர்முகத் தேர்வு நடத்த சென்னையில் அரசின் பயிற்சி மையமே இருக்கிறது. அங்கே 2025 மதிப்பெண்ணில் 275 நேர்முகத் தேர்வுக்கு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறது. ஆனால் வால்வு கம்பெனிக்குப் போகிற நம் தம்பிக்கு யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு மதரஸா கட்டிடம் காலியாகத்தான் கிடக்கிறது. ஒரு மேசை, மூன்று நாற்காலி போதும். ஒரு வியாபாரி, ஒரு ஆசிரியர், பணியில் இருக்கும் அல்லது ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவர், இந்த மூன்று பேரும் எதிரே உட்காருங்கள். பையன் சலாம் சொல்லி உள்ளே வரட்டும். அவன் படிப்பையும் போகிற வேலையையும் பற்றிக் கால் மணி நேரம் கேளுங்கள். எங்கே தடுமாறினான் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். வெளியே அவன் அத்தா காத்திருந்தால் அவரிடம் சொல்ல வேண்டாம், அவனிடம் மட்டும் சொல்லுங்கள். பேனர் வேண்டாம், சால்வை வேண்டாம், பிரியாணியும் வேண்டாம்.

எங்கள் பகுதியில் வரும் ரபீஉல் அவ்வல் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இதைத் தொடங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். அந்த வால்வுத் தம்பியைத்தான் முதல் ஆளாக வரச் சொல்லியிருக்கிறேன், ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு.