பணத்தைப் பற்றி எங்களிடமும் பேசுங்கள்

"நீ படிக்கிற வேலையைப் பார், பணத்தைப் பற்றி உனக்கென்ன?" இந்தச் சொல்லைக் கேட்காத மாணவி நம் பள்ளியில் உண்டோ? பெற்றோர் அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆயினும் அது சரியன்று என்றே நான் எண்ணுகிறேன்.

என் அக்காள் அரசுக் கல்லூரியில் கிடைத்த இடத்தை வேண்டாமென்று, தோழிகளோடு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். முதலாண்டுக் கட்டணத்திற்காக அப்பா தெரிந்தவர் ஒருவரிடம் 60,000 ரூபாய் வாங்கினார், மூன்று வட்டிக்கு. எங்கள் இருவருக்கும் இது தெரியாது. கல்லூரிச் சுற்றுலாவுக்கு அக்காள் அழுதபோது அதற்கும் பணம் வந்தது. அம்மாவின் கழுத்தில் சங்கிலியைக் காணோமே என்று கேட்டேன். "அறுந்துவிட்டது, பற்றவைக்கக் கொடுத்திருக்கிறேன்" என்றார். அது அடகுக் கடையில் இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் எல்லாம் வெளிவந்தது.

"மூன்று வட்டி" கேட்கச் சிறியதுதான். எட்டாம் வகுப்பில் தனிவட்டிக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய எனக்கே, அது நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36 விழுக்காடு என்பது அன்றுதான் உறைத்தது. மாதம் 1,800 வீதம் இரண்டு ஆண்டில் 43,200 ரூபாய் வட்டியாகவே போயிற்று. அசல் அப்படியே நின்றது!

முன்பே தெரிந்திருந்தால் அக்காள் அரசுக் கல்லூரிக்கே போயிருப்பாள். அல்லது வங்கியில் கல்விக்கடன் கேட்டிருப்பாள். 4 லட்சம் ரூபாய் வரை சொத்து எதையும் ஈடு வைக்காமல் அதைப் பெறலாம். படிப்பு முடிந்த பின்பு தவணை கட்டத் தொடங்கலாம். (அதுவும் கடன்தான், அதற்கும் வட்டி உண்டு.) எந்தப் படிப்பு, எந்த வேலை என்று எங்களையே தீர்மானிக்கச் சொல்லிவிட்டு வீட்டுக் கணக்கை ஒளித்து வைத்தால், நாங்கள் எதைக் கொண்டு தீர்மானிப்பது?

கடனைச் சொல்லப் பெரியவர்கள் வெட்கப்படுகிறார்கள். அந்த வெட்கத்தை நம்பியே அநியாய வட்டிக்காரர் பிழைக்கின்றனர். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. ஆனால் புகார் கொடுக்க முதலில் வாய் திறக்க வேண்டுமே!

அருட்சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுத் தேர்வு முடிந்தபின் நாங்கள் சும்மா அமர்ந்திருக்கும் பாடவேளைகளில் வங்கிப் படிவம் நிரப்பவும் சம்பளச் சீட்டைப் படிக்கவும் கற்றுத் தாருங்கள்.

அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர வேண்டியவள் நான். மீதி அசல் எவ்வளவு என்று அப்பாவைக் கேட்டேன். "உன் பரீட்சை முடியட்டும் அம்மா" என்றார்.